பெயர் தெரியாத கருவி



பழங்கால மோட்டார் கார் ஒன்றின் முன் இருக்கையைத் தூக்கிப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துருவேறிய ஸ்பானர், ஜாக்கி ஆகியவற்றின் நடுவே தட்டையான மரச்சட்டம் ஒன்று கிடக்கிறது. அதில் 1 முதல் 10 வரை எண்கள். ஏதோ ஒரு கடையின் பெயரும் அச்சிடப்பட்டுள்ளது. பள்ளிப் பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போன அடிக்கோல் என்று எண்ணி அதனை எறிந்துவிடத் தோன்றும்.

சற்றுப் பொறுங்கள்! அக்கோடுகளை உற்று நோக்குங்கள். அடிக்கோலாயின் இடைவெளி சமமாக அல்லவா இருக்க வேண்டும்? இதிலோ நடுப்பகுதியில் கோடுகள் நெருங்கியும், இரு முனைகளை நோக்கிச் செல்லச் செல்ல விலகியும் இருக்கின்றன. அந்த ஏற்றத்தாழ்விலேதான் கருவியின் பெயர் ஒளிந்திருக்கிறது.

படுக்கை வசத்தில் கிடக்கும் உருளைப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் நடுப்பகுதி அகலமானது. அடியும் மேலும் குறுகியவை. ஆகவே ஒரே அளவு திரவத்தை ஊற்றினாலும், நடுவில் மட்டம் சிறிதளவே உயரும். அடியிலும் மேலும் மிகுதியாக உயரும். அப்படியானால் இது நீளத்தை அளக்கும் கோல் அன்று. உருளை வடிவத் தொட்டியில் உள்ள பெட்ரோலை அளக்கும் கோல்!

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உருவான ஃபோர்டு 'மாடல் டி' காருக்கு உரிய கருவி இது. அக்காரில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் தொட்டி முன் இருக்கையின் அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோலை உள்ளே விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து எத்தனை காலன் எஞ்சியிருக்கிறது என்று அறிவார்கள். கடைகள் பல தம் பெயரை அச்சிட்டு இக்கோலை விளம்பரமாக வழங்கின. ஆதலால் கடைப் பெயரை மட்டும் கொண்டு ஆராய்வோர் ஏமாந்து போவர்.

இதில் என்ன பெரிய பயன் என்று கேட்கிறீர்களா? அக்காரில் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் கிடையாது. அது தன் எடையினாலேயே கீழிறங்கிச் சென்றது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது வண்டியின் முன்பகுதி உயர்ந்துவிடும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சினுக்குச் சென்று சேராமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். எனவே ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றியதும் உண்டு. மலைப்பாதையில் குடும்பத்தோடு செல்பவருக்கு அந்த மரச்சட்டம் எவ்வளவு பெரிய துணை!

அமெரிக்கா வரை செல்வானேன்? 2014இல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாஸடர் காரின் டிக்கியில், இரண்டு இடங்களில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று இருக்கும். பாட்டரி கைவிட்டபோது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிய ஹாண்டில் அது. எஞ்சின் சில வேளை திருப்பி உதைக்கும், மணிக்கட்டே முறிந்துவிடும். கட்டைவிரலால் பிடியைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே அதனை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழைய டிரைவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கம்பி இன்றும் இருக்கிறது. அந்த எச்சரிக்கை எத்தனை பேருக்குத் தெரியும்?

அறிஞர் அல்-ஜஸரி தாம் வடித்த இயந்திரங்களைப் பற்றி 1206இல் ஒரு நூலை நிறைவு செய்தார். இன்னின்ன பாகம், இவ்வளவு அளவு, இவ்வாறு பொருத்துக என்று படத்துடன் விளக்கினார். அதனாலேயே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1976இல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்றை மீண்டும் உருவாக்க முடிந்தது. அவருடைய கைகள் மண்ணோடு மறைந்தன. எழுதி வைத்த அறிவு மறையவில்லை.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? வாப்பா மறைந்தபின் நிலத்தையும் நகையையும் கணக்கிட்டுப் பங்கிடுகிறோம். அவருடைய கருவிப் பெட்டியை மட்டும் எடை போட்டு இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். அதனுடன் ஒரு வாழ்நாள் அனுபவமும் சேர்ந்து போவதை நாம் உணர்வதில்லை.

இனி அறியாத கருவி கையில் கிடைத்தால் உடனே தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேய்மானமும் கறையும் அதன் சாட்சிகள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எது கைபட்டு வழவழப்பாயிற்று, எண்கள் எவ்விதம் அமைந்துள்ளன என்று பாருங்கள். பின்னர் அதனை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் உள்ள மூத்த மெக்கானிக்கிடம் செல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கையில் கொடுங்கள். பல வேளைகளில் வாய் சொல்வதற்கு முன் கை சொல்லிவிடும்! அவர்கள் கூறுவதை ஒரு சீட்டில் எழுதி, அக்கருவியோடு கட்டி வையுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள்.

முன்னோர் விட்டுச் சென்ற அறிவும் ஓர் அமானிதமே. சொல்லக்கூடியவர் நம்மிடையே இருக்கும்போதே அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்வோமாக! வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!