4 மணி நேரப் பள்ளி, 96 நிமிடப் பாடம்: நாகலாபுரம் சாலையில் ஒரு தொடக்கப் பள்ளிக் கணக்கு

சென்னையில் வேலை பார்க்கும் பலருக்கு நாகலாபுரம் என்றாலே ட்ரெக்கிங்தான். சனிக்கிழமை அதிகாலை பைக்கை எடுத்து, ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி தாண்டிப் போய், மலையில் ஏறி ஓடையில் குளித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பும் இடம். பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

அடுத்த முறை அந்தச் சாலையில் ஒரு வேலைநாளில் போக நேர்ந்தால், வழியில் தெரியும் சின்ன அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்படி ஒரு பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு, ஒரு நாளில் ஆசிரியர் நேரடியாகப் பாடம் எடுப்பது எத்தனை நிமிடம்? வாங்க, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாட்கள், 800 மணி நேரப் பாடம் இருக்க வேண்டும். அதாவது ஒரு நாளைக்கு 4 மணி நேரம், 240 நிமிடம்.

ஆசிரியர் எண்ணிக்கைக்கும் அதே சட்டத்தில் அட்டவணை உண்டு. 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121-ஐ எட்டினால்தான் 5 பேர்.

இப்போது 40 குழந்தைகள் இருக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியர்கள். 40-ஐ 2-ஆல் வகுத்தால், ஒரு ஆசிரியருக்கு 20 மாணவர்கள். சட்டம் கேட்பது 30-க்கு ஒருவர். ஆக, இந்தப் பள்ளி பாஸ். டேஷ்போர்டில் பச்சை நிறம்.

ஆனால் பள்ளியில் இருப்பது ஐந்து வகுப்புகள். இரண்டு ஆசிரியர்களின் நேரம் மொத்தம் 480 நிமிடம். ஐந்தால் வகுத்தால், ஒரு வகுப்புக்கு 96 நிமிடம். தமிழோ தெலுங்கோ, ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாமே இதற்குள் முடிய வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 800 மணி நேரத்தில் 320 மணி நேரம்தான்.

இது இரண்டு ஆசிரியர்களும் வந்திருக்கும் நாளின் கணக்கு. ஒருவர் பயிற்சிக்கோ, தேர்தல் பணிக்கோ, விடுப்பிலோ போய்விட்டால் 96 என்பது 48 ஆகிவிடும்.

சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை?

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 தரவுப்படி, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளில் ஒரே ஒரு ஆசிரியர்தான் இருக்கிறார். அவற்றில் படிப்பவர்கள் 33 லட்சத்துக்கும் மேல். மாநிலங்களில் முதலிடம் ஆந்திராவுக்கு: 12,912 பள்ளிகள். ஐந்து வகுப்புகள் கொண்ட ஓராசிரியர் பள்ளி என்றால், அந்த 48 நிமிடம் அங்கே தினசரி நிலவரம்.

சரி, மீதி நேரம் குழந்தை என்ன செய்கிறது?

ஆசிரியர் நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போது இரண்டாம் வகுப்புக் குழந்தை என்ன செய்கிறது? பல பள்ளிகளில் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும். எழுதி முடித்ததும் இன்னொரு முறை எழுதும்.

இதற்கு ஒரு மாற்று, இதே பழைய சித்தூர் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் உருவானது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், சுற்றுவட்டாரக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காக ஒய்.ஏ. பத்மநாப ராவ், ராமா தம்பதி 1980-களின் இறுதியிலிருந்து ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். ஒரே அறை, பல வகுப்புகள் என்ற நிலைமையை ஏற்றுக்கொண்டே தொடங்கிய முறை அது. பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளை ஒரு கற்றல் ஏணியில் வரிசைப்படுத்தினார்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தைக்கே தெரியும். அட்டையைத் தானே எடுத்து, சில வேலைகளைத் தனியாகவும், சிலவற்றைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடும், சிலவற்றை ஆசிரியரோடும் செய்யும்.

சென்னை மாநகராட்சி இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த 2003-ல் 13 பள்ளிகளில் தொடங்கிய 'செயல்வழிக் கற்றல்', 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அந்தக் காலத்தில் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் உங்களுக்கே நினைவிருக்கும்: தரையில் வட்டமாக உட்கார்வது, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் உங்கள் ஓவியம்.

வெளியிலிருந்து பார்த்த பெற்றோருக்கு அது விளையாட்டு மாதிரி தெரிந்தது. 'பாடமே நடத்துறதில்ல' என்று பலர் குறைப்பட்டார்கள். கணக்குத் தெரிந்தால் விஷயம் புரியும்: ஆசிரியர் பக்கத்தில் இல்லாத 144 நிமிடத்தைக் கற்றல் நேரமாக மாற்றத்தான் அந்த அட்டைகள். அதற்கு விலையும் உண்டு. அட்டைகள் கிழியும், தொலையும். ஒவ்வொரு குழந்தையின் படியையும் ஆசிரியர் பதிவு செய்ய வேண்டும். புதிய அட்டை வராத பள்ளியில் ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில், அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் இதன் சாயல் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைப் பிரிப்பது வயதை வைத்து இல்லை, கற்றல் நிலையை வைத்து.

எல்லை ஊரின் கூடுதல் சுமை

1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றம் நடந்தபோது திருத்தணி அன்றைய மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திராவுக்குப் போயின. கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் கலந்தே இருக்கின்றன.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. இதற்கான நடைமுறை அளவுகோல் 1949-ல் வகுக்கப்பட்டது: வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் அந்த மொழி ஆசிரியர். ஒன்பது பேர் இருந்தால்? அந்தக் குழந்தை 96 நிமிடத்தின் ஒரு பகுதியை, ஆசிரியர் சொல்வது என்ன மொழி என்று புரிந்துகொள்ளவே செலவழிக்கும். ஆந்திரா 2020-ல் கொண்டுவந்த இருமொழிப் புத்தகத்தில் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் புதுசு.

அரசுகள் என்ன செய்தன?

2022-ல் ஆந்திர அரசு அரசாணை 117 மூலம் 3, 4, 5-ம் வகுப்புகளைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாற்றியது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார் என்பது வாதம். ஆனால் எட்டு வயதுக் குழந்தைகள் கூடுதல் தூரம் நடக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளியில் மிஞ்சியது இரண்டு வகுப்புகள். எதிர்ப்புக்குப் பிறகு, 2025-ல் அடுத்து வந்த அரசு அந்த முறையைக் கைவிட்டு, 'வகுப்புக்கு ஒரு ஆசிரியர்' என்ற மாதிரித் தொடக்கப் பள்ளிகளை அறிவித்தது. 240 நிமிடமும் கிடைக்கும் ஒரே ஏற்பாடு இதுதான். ஆனால் அதற்குப் போதிய மாணவர் எண்ணிக்கை வேண்டும். சின்ன ஊர்ப் பள்ளிகளுக்குப் பழைய கணக்கே தொடரும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியிலும் சட்டப்படி ஒரு பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் அக்காவோ சித்தியோ அதில் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் 'ஆசிரியர் மாணவர் விகிதம் என்ன?' என்று கேட்காமல், மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

எத்தனை வகுப்புகளை எத்தனை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் என் குழந்தை என்ன செய்கிறது? அதற்கான அட்டைகளும் புத்தகங்களும் இந்த ஆண்டு வந்தனவா?

முதல் கேள்விக்கான பதிலை மாற்ற அரசாணை வேண்டும். மற்ற இரண்டையும் அந்தக் கூட்டத்திலேயே பேசத் தொடங்கலாம்.