பழைய சுவருக்குப் பட்டி பார்க்காதீர்கள்!

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுவிழா வந்தால் போதும், பழைய பள்ளிக்கூடச் சுவர்களைச் சுரண்டி, பட்டி பார்த்து, பளபளவென்று எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது அப்பளம் போல உப்பி உதிர்கிறது. பெயின்டரைத் திட்டிவிட்டு, மறுபடியும் அதே வேலைக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளிகளில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

பெயின்டரைத் திட்டி என்ன பயன்? அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பட்டியும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசினால் ஈரம் எந்த வழியாகப் போகும்? ஈரத்தோடு ஏறிய உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே வெளியே தள்ளுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். எஸ்டிமேட் போடுகிறவர்களுக்குத்தான் புரியவில்லை!

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா? சுவரை ஒட்டி சிமென்ட் தளம் போட்டுத் தரையை உயர்த்திவிட்டார்களா? அதைச் சரிசெய்யாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பிறகு பட்டியையும் பெயின்ட்டையும் எடுங்கள். தட்டினால் 'டொப்'பென்று கேட்கும் காரையை மட்டும் பெயர்த்து, அந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்தே பூசுங்கள், சிமென்ட் வேண்டாம். சுவர் நன்றாகக் காயட்டும். மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருங்கள். கடைசியில் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று கை வெள்ளையடித்தால் போதும்.

"சட்டையில் ஒட்டுமே சார்" என்பார்கள். வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்தால் அவ்வளவாக ஒட்டாது. நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பினால், பிள்ளைகள் அதைத்தான் சுவாசிப்பார்கள். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே ஈயம் கெடுக்கும். நனைத்துச் சுரண்டுங்கள், விடுமுறையில் செய்யுங்கள், தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த முறை பெயின்ட் செலவுக்குக் கையெழுத்துக் கேட்டால், "ஓதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.