ஓடாத மோட்டாருக்கும் மதிப்பெண் வேண்டும்

நம் இயற்பியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகள் யாவும் முன்னரே விடை தெரிந்தவை. சுற்று சரியாக இருக்கும், அளவுகள் எடுப்போம், வரைபடம் வரைவோம், ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் விழும். பழுதான சுற்று ஒன்றைத் தந்து, "குறை எங்கே, கண்டுபிடி" என்று எவரும் கேட்பதில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து.

மாணவர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் சிறு வண்டியையே சான்றாகக் கொள்வோம். நான்கு பேட்டரிகள், இரண்டு மோட்டார்கள், அவற்றை இயக்க எல்298 என்னும் மோட்டார் டிரைவர் ஐ.சி. விசையை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, சுழலவில்லை. உடனே, "ஐ.சி. போய்விட்டது" என்று புதியது வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். வாயில்லாப் பூச்சியின் மேல் பழி போடுவது எளிதல்லவா!

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் கதை வேறு. அந்த ஐ.சி.க்குள் மின்னோட்டம் இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கடந்தே மோட்டாருக்குச் சென்று திரும்புகிறது. ஓர் ஆம்பியர் ஓடும்போது அவற்றிலேயே 1.8 முதல் 3.2 வோல்ட் வரை இழப்பாகும் என்று தயாரித்தவர்களின் விவரத்தாளே சொல்கிறது. 6 வோல்ட்டில் மோட்டாருக்கு எஞ்சுவது மூன்றோ நான்கோதான். மேலும், நின்றிருக்கும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை கிடையாது. கம்பிச்சுருளின் மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே, புறப்படும் நொடியில்தான் அது மிகுதியாக இழுக்கிறது. பேட்டரியும் அப்போதுதான் சோர்கிறது. எதிர் மின்னியக்கு விசையை ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்த நமக்கு, அது கண்ணெதிரே நிற்கும்போது அடையாளம் தெரிவதில்லை!

மோட்டாரின் தூரிகைகளில் எழும் பொறியால் சுற்றில் குழப்பம் நேர்வதும் உண்டு. இரு முனைகளுக்கும் இடையே 104 என்று பொறித்த சிறு மின்தேக்கியைப் பற்றவைத்தால் பெரும்பாலும் தணியும். அது 0.1 மைக்ரோஃபாரட், அதுவும் பீங்கான்தான், விருத்தாசலத்து நண்பர்களே!

சூளையிலிருந்து வந்த பீங்கானைத் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலை அறிபவர்கள் உண்டு. கல்லூரியைக் காணாத அவர்களுக்குள்ள அந்தப் பழக்கம் பட்டதாரிக்கு வேண்டாமா? என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவில் ஒரு பம்புசெட் நின்றுவிட்டால், "தம்பி பி.எஸ்சி. படிக்குதே, அதைக் கூப்பிடுங்க" என்கிறார்கள். அவர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை.

நேரம் போதாது, கருவிகள் கெடும் என்று ஆசிரியப் பெருமக்கள் தயங்கலாம். நேரம் குறைவு என்பதை ஏற்கிறேன். ஆனால், ஆறு வோல்ட் சுற்றில் ஓர் இணைப்பைக் கழற்றி வைப்பதால் எந்தக் கருவி கெடும்? பருவத்துக்கு ஒரு பிற்பகல் போதும். பழுதை ஆசிரியரே மறைத்து வைக்கட்டும். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது, அதிலிருந்து என்ன ஊகித்தோம் என்று நாங்கள் எழுதுகிறோம். பழுது அகப்படாவிட்டாலும், தேடிய வழிக்குப் பாதி மதிப்பெண் தரட்டும்.