தாத்தா துப்பாக்கிக்குப் பலாப் பெட்டி: முதலில் பேப்பர், பிறகு பலகை

வாசகர் கேள்வி

'எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில் உள்ளது. அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம். காற்றில் சாய்ந்த பலா மரம் ஒன்று தோட்டத்தில் கிடக்கிறது. அந்தப் பலகையில் நல்ல பெட்டி செய்து, துப்பாக்கியை வீட்டு நடையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க ஆசை. பலா மரம் ஏற்றதா? எப்படிச் செய்வது?'

– வாசகர், பெரக்கரை நாடு, கொல்லிமலை.

பதில்

பலா மரம் மிகவும் ஏற்றது. ஆனால் பலகை அறுப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்த பிறகு, அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு வாரிசுகள் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. அப்பாவுக்குச் சட்டப்படி சொந்தமாக இருந்த அதே துப்பாக்கி, பரணில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்கு வழக்காக மாறக்கூடும். மலைக் கிராமங்களில் பலர் இதைத் தெரிந்து செய்வதில்லை. 'நம் வீட்டுப் பொருள்தானே' என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் வேலை காவல் நிலையத்தில்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கியதும் திரும்பப் பெற அதே பிரிவில் இடம் இருக்கிறது. ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னறிவிப்பு இல்லாமல் பஸ் ஏறக் கூடாது. முதலில் இறப்புச் சான்றிதழும் பழைய லைசென்ஸ் புத்தகமும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் விவரம் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி கொண்டுபோவது நல்லது.

அடுத்தது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ஆயுத விதிகள் 2016-இன்படி, லைசென்ஸ்தாரர் இறந்தால் அவருடைய வாரிசுக்கு லைசென்ஸ் வழங்கலாம். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அப்பாவின் அசல் லைசென்ஸ் ஆகியவை தேவைப்படும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல் துறை விசாரணைக்குப் பிறகே முடிவாகும் என்பதால் மாதங்கள் ஆகலாம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

அப்பா உயிரோடு இருக்கும் வீடுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே தன் வாரிசு ஒருவரைக் குறித்துக் கொடுத்து மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. பெரியவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பிள்ளைகளுக்கு அலைச்சல் குறையும்.

லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் பெட்டியைப் பற்றிய பேச்சே வேண்டாம். கொல்லிமலையில் அப்படிப்பட்ட துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி காவல் துறை பலமுறை அறிவித்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களையோ ஊராட்சித் தலைவரையோ உடன் அழைத்துக்கொண்டு போய் ஒப்படைத்துவிடுவதே வழி.

மரம் காயட்டும்

பேப்பர் வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். பலகை காயவும் மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் ஏறக்குறைய ஒன்றாக முடியும்.

சாய்ந்த மரம் பட்டா நிலத்தில் இருந்தாலும், மலைப்பகுதி என்பதால் அறுப்பதற்கும் மில்லுக்கு ஏற்றுவதற்கும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்தின் உள்ளே மஞ்சளாக இருக்கும் வைரப் பகுதிதான் பெட்டிக்கு உதவும். நாள்பட இது பழுப்பாக மாறும். கரையான் எளிதில் தொடாது. தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் செய்வது, செதுக்க வாகாகவும் நாள்பட்ட பின் கோணாமலும் இருப்பதால்தான். வைரத்தைச் சுற்றி வெளுத்துத் தெரியும் வெளிறு உளுத்துப்போகும். அதை ஒதுக்கிவிட வேண்டும்.

மில்லில் 1 இன்ச் கனத்துக்குப் பலகை அறுத்து, இரண்டு முனைகளிலும் பெயிண்டோ மெழுகோ பூச வேண்டும். இல்லாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கூரைக்குக் கீழே, காற்று ஓடும் இடத்தில் பலகைகளை அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள ரீப்பர்களைக் குறுக்கே வைக்க வேண்டும். நேர் வெயிலில் போடக் கூடாது. 1 இன்ச் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. பெரக்கரை நாட்டு மூடுபனியில் இன்னும் சில மாதங்கள் கூடலாம்.

காய்ந்ததா என்று கண்டுபிடிக்க மிளகு நிறுக்கும் தராசே போதும். ஒரு பலகையில் குறி வைத்து 15 நாளுக்கு ஒருமுறை நிறுத்து எழுதிவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எடை குறையாவிட்டால் அது மழை ஈரம், நம்ப வேண்டாம். மாசிக்குப் பிறகு தொடர்ந்து மூன்று முறை ஒரே எடை வந்தால் பலகை தயார். ஈரம் போகாத பலகையில் செய்த பெட்டி கோணிக்கொள்ளும் என்பது மட்டுமல்ல, மூடிய பெட்டிக்குள் அந்த ஈரமே குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் பலகை ஆகுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு மரம். பெயரில்தான் ஓக் இருக்கிறது. மென்மையான மரம், பூச்சி துளைக்கும். உள் தடுப்புகளுக்கு ஆகும், வெளிப்பெட்டிக்குப் பலாவோ தேக்கோதான் நல்லது. ஒட்டுப்பலகையும் எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம். அவற்றில் உள்ள பசையிலிருந்து வரும் ஆவி இரும்பை அரிக்கும்.

துப்பாக்கியைத் தச்சரிடம் விடக் கூடாது

அளவு பார்க்க வேண்டும் என்று துப்பாக்கியைத் தச்சுப் பட்டறையில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். லைசென்ஸ் கைக்கு வந்து, துப்பாக்கி வீட்டுக்கு வந்த பிறகு, லைசென்ஸ்தாரரே அளவெடுக்க வேண்டும். குழலில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கி மூன்று பாகமாக வரும்: குழல், குழலுக்கு அடியில் மாட்டும் முன்கட்டை, விசையோடு சேர்ந்த பின்கட்டை. ஒவ்வொன்றையும் அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதிக கனம் உள்ள இடத்தில் கனத்தையும் குறித்துக்கொண்டால் போதும். தச்சருக்கு அந்த அட்டைதான் போக வேண்டும்.

துப்பாக்கியை முழுதாக வைக்க ஆசைப்பட்டால் பெட்டி 4 அடி போகும். கழற்றி வைத்தால் மூன்று அடிக்குள் அடங்கும். கழற்றி வைத்த துப்பாக்கியை எடுத்த எடுப்பில் யாரும் சுடவும் முடியாது.

பெட்டி செய்முறை

கீழே உள்ள அளவு 30 இன்ச் குழலுக்கு. குழல் 28 இன்ச் என்றால் நீளத்தில் 2 இன்ச் குறைத்துக்கொள்ளலாம். 8 நூல் ஒரு இன்ச் என்ற தச்சர் கணக்கே இங்கே உள்ளது.

1. உள் அளவு: நீளம் 31½ இன்ச், அகலம் 9 இன்ச்.

2. பக்கப் பலகைகள்: இழைத்த பிறகு 5 நூல் கனம், 4½ இன்ச் உயரம். 32¾ இன்ச் நீளத்தில் இரண்டு, 10¼ இன்ச் நீளத்தில் இரண்டு.

3. மூலை: புறாவால் இணைப்புதான் நிலைக்கும். ஆணி அடித்த மூலை, மழைக்காலத்தில் மரம் ஊதி வெயிலில் சுருங்கும்போது ஆடிப்போகும்.

4. மேல் பலகையும் அடிப்பலகையும்: 3 நூல் கனம். பக்கப் பலகைகளின் உள்புறம், மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 2 நூல் தள்ளி, 2 நூல் ஆழத்துக்குக் காடி எடுத்து அதில் செருக வேண்டும். அகலம் 9 இன்ச் 3 நூல். நீளம் 32 இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு. காடிக்குள் பசை போடக் கூடாது. பலகை ஊதவும் சுருங்கவும் இடம் இருக்க வேண்டும். பசையை மூலை இணைப்புக்கு மட்டும் போட வேண்டும்.

5. மூடி: மூடியைத் தனியாகச் செய்வதில்லை. நான்கு பக்கமும் மேலும் கீழும் அடைத்து முழுப் பெட்டியாக ஒட்டிக் காயவிட்டு, மேலிருந்து 1¼ இன்ச்சில் கோடு போட்டுச் சுற்றிலும் அறுத்தெடுக்க வேண்டும். அப்போதுதான் மூடியும் பெட்டியும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். அறுக்கும் கோடு புறாவாலின் அகலமான பகுதியில் போகும்படி முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

6. கீலும் பூட்டும்: பித்தளைக் கீல் மூன்று, பித்தளைத் திருகாணி, உள்ளே பதிக்கும் பூட்டு ஒன்று. கொண்டி போட்டுத் தொங்கவிடும் பூட்டைவிட இது உறுதி.

7. உள் தடுப்பு: ஒரு பக்கம் குழல், மறுபக்கம் பின்கட்டை, மிஞ்சிய இடத்தில் முன்கட்டையும் எண்ணெய்த் துணியும். அட்டை அச்சை வைத்துப் பார்த்து, சுற்றிலும் 2 நூல் இடம் விட்டுத் தடுப்புகளைப் பொருத்த வேண்டும். நடையில் தூக்கிப்போனாலும் பாகங்கள் ஆடக் கூடாது.

8. துணி: சாயம் போகாத கம்பளித் துணியோ கனமான பருத்தித் துணியோ போதும். மெல்லிய அட்டையில் துணியை ஒட்டி, அந்த அட்டையைப் பெட்டிக்குள் பொருத்தினால் நாளைக்கு மாற்றுவது எளிது. நுரை ரப்பர் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

9. பூச்சு: வெளியே ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ பூசலாம். உள்ளே பூசக் கூடாது. வேலை முடிந்து மூன்று வாரம் பெட்டியைத் திறந்தே வைத்து, பசை வாடையும் பூச்சு வாடையும் முழுதாகப் போன பிறகுதான் துப்பாக்கியை வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் தோட்டாவுக்கு இடம் கிடையாது

தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில் இருக்க வேண்டும். இரண்டு சாவியும் லைசென்ஸ்தாரரிடம் மட்டுமே.

நடையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். பெட்டி அழகாக இருந்தால் விருந்தாளி திறந்து காட்டச் சொல்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சாவி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளும். பீரோவுக்குள்ளோ, சுவரோடு திருகிய அலமாரிக்குள்ளோ பூட்டி வைப்பதே சரி.

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, குழலின் உள்ளும் புறமும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். தொட்ட இடத்தில் வியர்வை உப்பு துருவாகும் என்பதால் கடைசியாக எண்ணெய்த் துணியால் துடைத்தே வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றலாம். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் காய்ந்திருக்கும் என்ற பழக்கம் நல்லதல்ல. புகைக்கரி இரும்பை அரிக்கும்.

குழலில் நீர்ச்சுழி போலக் கோலம் தெரிந்தால், அது இரும்புக் கம்பிகளைச் சுற்றிப் பற்றவைத்த பழைய வகைக் குழலாக இருக்கலாம். இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்காது. லைசென்ஸ் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுடவே கூடாது.

பன்றிக்கு இது தீர்வல்ல

துப்பாக்கி திரும்ப வந்தாலும் மரவள்ளிக் காட்டில் புகும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் பட்டியலில் உள்ள விலங்கு. தமிழக அரசு 2025-இல் அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம்; விவசாயி சுட முடியாது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிப்பதே வழி.

ஆகவே தாத்தாவின் துப்பாக்கி இனி வேலைக் கருவி அல்ல, குடும்ப நினைவுப் பொருள். அதைச் சட்டப்படி வைத்துக்கொண்டால்தான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். தேர்தல் அறிவித்ததும் உத்தரவு வந்தால் துப்பாக்கி மீண்டும் காவல் நிலையத்துக்குப் போகும். அந்த நாட்களில் காலிப் பெட்டிக்குள் ரசீதையும் லைசென்ஸ் நகலையும் வைத்துப் பூட்டிவிடலாம். வீட்டில் பெரியவர் இல்லாத ஒருநாள் பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அந்தத் தாள்களே சொல்லிவிடும்.