வெட்கம் யாருக்கு உரியது?

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டு வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போய் நிலக்காரரிடம் குனிந்து கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தில் நம் கை பட்டால் தீட்டு என்று நினைக்கிறார்கள், அதனால்தான் அப்படி என்று விளக்குகிறார்.

பாமாவின் ‘கருக்கு’ நாவலில் வரும் இடம் இது. 1992இல் வெளிவந்த இந்தத் தன்வரலாற்று நாவலை நம் பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதிலேயே படித்துவிட வேண்டும் என்கிறோம்.

காரணம் இருக்கிறது. அவமானப்பட்ட பிள்ளை அதை வெளியே சொல்வதில்லை. குறை தன்னிடம்தான் என்று நினைத்து உள்ளுக்குள்ளே புழுங்கும். ‘கருக்கு’ படிக்கும்போது, செய்யாத திருட்டுக்குப் பள்ளியில் பழி சுமந்த சிறுமியை அது சந்திக்கிறது. வெட்கப்பட வேண்டியது தான் அல்ல, அவமதித்தவர்தான் என்பது அப்போது புரிகிறது. வகுப்பில் ‘கொச்சை’ என்று திருத்தப்படும் நம் தெருப் பேச்சு அச்சில் நிமிர்ந்து நிற்பதையும் பார்க்கிறது.

படித்து வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த நூல் ஆசை காட்டவில்லை. படித்து ஆசிரியராகி, பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறுகிறார். தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டு மறுபடி எழுகிறார். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த உண்மை இப்போதே தெரிய வேண்டும்.

ஊர்த்தெருப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்கலாம், மனதிலிருந்து அவிழ்க்க அடுத்தவர் வலியை உள்ளிருந்து பார்க்க வேண்டும். நல்ல நாவல் அதைச் செய்யும்.

ஆனால் புத்தகம் எங்கே? ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தேர்வுக் கையேடுகள் கிடைக்கின்றன, கதைப் புத்தகம் கிடைப்பது அரிது. ஊராட்சி நூலகக் கட்டடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. சேரியில் கட்டும் வரிக்கும் அதே கணக்குதான். ஆகவே இது சலுகை அல்ல, நம் பணம்.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்போம்: நூலகம் மாலையில் திறக்க வேண்டும். ‘கருக்கு’ அங்கே இருக்க வேண்டும். விடுதிக்கும் இரண்டு பிரதிகள் வேண்டும். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.