சுண்ணாம்பைத் தொடாத இன்டர்ன்ஷிப் எதுக்கு?

பழைய கட்டடத்தில் விரிசலா? சிமென்ட் பூசிடலாம் என்பதுதான் பலருக்கும் தோன்றும். ஆனா, சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து செங்கல்லை அரிக்கவிடும்.

இதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடும். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறணும், கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் எந்தப் பதத்தில் சேரணும் என்பது கொத்தனாரின் கைக்குத்தான் தெரியும். ஸ்ரீரங்கம் கோயில் புனரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோ விருது கிடைத்ததில் பாரம்பரிய முறைகளுக்கும் பங்குண்டு.

இன்டர்ன்ஷிப் வரும் மாணவர்களை போட்டோ எடுக்கவும் அளவு குறிக்கவும் மட்டுமே வைத்திருந்தால் சான்றிதழ்தான் மிஞ்சும். அவர்களைச் சாரத்தில் ஏற்ற வேண்டும். உதவித்தொகை தர வேண்டும். சொல்லிக்கொடுக்கும் கொத்தனாருக்கு அதற்கெனத் தனிச் சம்பளமும் வேண்டும். அவர் வேலையை விட்ட பிறகு, பதம் கேட்க ஆள் இருக்காது.