தண்ணி இல்லாத காட்டுக்கு மாற்றம்! 108 ஊழியர் வாய் திறக்காதது ஏன்?

விழுப்புரம்–திண்டிவனம் ரோட்டில் விபத்து என்றால் முதலில் ஓடி வருவது 108 வண்டிதான். அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பறக்கும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களுக்கும் அங்கேதான் சிகிச்சை நடந்தது.

வண்டியில் இரண்டே பேர். ஒருவர் டிரைவர், இன்னொருவர் மருத்துவ உதவியாளர். 12 மணி நேர டூட்டி. இதை 8 மணி நேரமாக்கச் சொல்லி தொழிற்சங்கங்கள் பல வருஷமாகக் கேட்கின்றன.

2008 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பணம் தருவது அரசு. நடத்துவது தனியார். ஆகவே இவர்கள் அரசு ஊழியர் அல்ல. எந்த ஊர், எந்த ஷிப்டு, எப்போது லீவு? எல்லாம் மேலே இருப்பவர் கையில்.

உள்ளே மிரட்டினால்?

வெளி ஆள் கை வைத்தால் 2008–ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி 10 ஆண்டு வரை ஜெயில். மேலதிகாரியே மிரட்டினால்?

பாலியல் தொல்லை என்றால் பெண்களுக்கு 2013–ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரவேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு கட்டாயம். விசாரணை முடியும்வரை, புகாருக்கு ஆளானவரையே வேறு இடத்துக்கு மாற்றும்படி அந்தப் பெண் கேட்கலாம்!

ஆனால் திட்டுவது, லீவு மறுப்பது, "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்பது? இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. பழிவாங்க ஊர் மாற்றுவது முறைகேடு என்று 1947–ம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் பழிவாங்கல் என்று நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. மாற்றல் உத்தரவில் "நிர்வாகக் காரணம்" என்று ரெண்டே வார்த்தை எழுதினால் போதும், அவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆஸ்திரேலியாவிலும்...

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் அங்குள்ள மனித உரிமை ஆணையம் விசாரித்தது. பதில் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல், வேலையில் மிரட்டலுக்கு ஆளானதாகக் கூறினார்கள். 2021–ல் அறிக்கை வெளியானது. அங்கே ஆம்புலன்ஸ் நிர்வாகமே விசாரணை கேட்டது, ஊழியர் வாய் திறந்தார்கள்.

இங்கே தேவை பெரிய காரியமல்ல. புகார் விசாரணை முடியும்வரை புகார் கொடுத்தவரை ஊர் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. பணம் கொடுக்கிற அரசு நினைத்தால் சேர்க்கலாம். விடிய விடிய முழித்து, மனம் நொந்து கிடப்பவர் கையில்தான் அடிபட்டவர் உயிர் இருக்கிறது!